சக்கர ரேகையும் முட்டுக்கட்டையும்

மஞ்சநத்தம் சீமையை ஆண்ட வெற்றிலிங்க பூபதி நல்ல ராஜாதான். புகழ்ந்து பேசினால் மட்டும் புத்தி கொஞ்சம் தளர்ந்துவிடும். அந்த இடம் பார்த்து வந்து உட்கார்ந்தார் கைரேகைப் பண்டிதர் மார்க்கசகாயம்.

வந்த அன்றே ராஜாவின் கையைப் பிடித்துப் பார்த்து, "ஆகா! பிறவிக் கவி!" என்றார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாப்பு கற்க வேண்டாம், ஏடு புரட்ட வேண்டாம், பாட்டு தானாக வரும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அதிலிருந்து ஊரில் எல்லாவற்றுக்கும் ரேகைதான். "திறமை என்பது கருவிலே அமைவது. பழகி வருவதெல்லாம் பம்மாத்து" என்று பண்டிதர் சபையில் முழங்கினார். உடனே சிலம்பக் கூடத்தைப் பூட்டினார்கள். அடுத்தது தேர்.

மஞ்சநத்தம் தேருக்குக் கடிவாளம் கிடையாது. ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். ஆனால் அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் ஒரே ஆள். உருண்டு வரும் சக்கரத்தின் அடியில் சரியான நொடியில் முட்டுக்கட்டையின் மெல்லிய முனையைச் செருக வேண்டும். நொடி பிசகினால் கட்டையும் போகும், காலும் போகும், தெருவோரம் நிற்கிற சனமும் போகும். இருபது வருஷமாக அந்த வேலையைச் செய்து வந்தவன் சடையாண்டி.

பண்டிதர் அவன் கையைப் புரட்டிப் பார்த்தார். ஒரே காய்ப்பு. ரேகை ஒன்றுகூடத் தெரியவில்லை.

"இவன் லாயக்கில்லை. என் மருமகன் நீலமேகத்தின் உள்ளங்கையில் சக்கர ரேகை இருக்கிறது. சக்கரத்தை நிறுத்தவே பிறந்தவன்!"

நீலமேகம் அதுவரை நிறுத்தியது தாம்பூலம் மெல்லுவதைத்தான்; அதுவும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும். ஆனாலும் ராஜா தலையாட்டிவிட்டார்.

சபையில் விகடகவி கூத்தபிரானும் இருந்தார். ராஜாவின் தவறுகளைச் சிரிக்க வைத்தே திருத்துவது அவர் உத்தியோகம். இந்தத் தவறோ ஊரையே நசுக்கிவிடும் போலிருந்தது. நேராக எதிர்த்தால் ராஜா முறுக்கிக்கொள்வார். ஆகவே அவர் பரம பக்தனைப் போல எழுந்து நின்றார்.

"பண்டிதர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை மகாராஜா. இப்பேர்ப்பட்டவருக்கு நாம் ஒரு மரியாதையும் செய்யவில்லையே, அதுதான் என் வருத்தம்."

பண்டிதர் முகம் மலர்ந்தது.

"நாளை தேர் வெள்ளோட்டம். தெற்கு வீதி முக்கில், கட்டை போடும் இடத்துக்கு மூன்று முழம் முன்னால், பண்டிதரைப் பலகை போட்டு உட்கார வைப்போம். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை. மருமகன் தேரை நிறுத்தும் அழகை மாமா கிட்டே இருந்து பார்க்கட்டுமே!"

"அங்கேயா?" என்றார் பண்டிதர்.

"ஏன்? பிறவித் திறமைசாலி நிறுத்தும்போது அதைவிடப் பத்திரமான இடம் இந்தச் சீமையில் உண்டா?"

ராஜாவுக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பண்டிதர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். மாட்டேன் என்றால் ரேகை பொய் என்று தானே ஒப்புக்கொண்டது போல ஆகும்.

கூத்தபிரான் அன்றைக்கே சடையாண்டியைத் தேடிப் போனார். "வேலைதான் போயிற்று, வடம் பிடிக்க வரலாம் அல்லவா? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நில். கட்டையை மறந்துவிடாதே" என்றார்.

மறுநாள் காலை ராஜா பார்த்திருக்க, மேளம் முழங்க, தேர் அசைந்தது. தெற்கு வீதி முக்கு வந்தது. நீலமேகம் கட்டையின் கனத்த பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, "மாமா, இதை எந்தப் பக்கமாப் போடணும்?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். மாலை ஒரு பக்கம், பரிவட்டம் ஒரு பக்கம். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு பண்டிதர் ஓடினார். மேற்கு வீதி, வடக்கு வீதி, கிழக்கு வீதி என்று சுற்றி, தேர் புறப்பட்ட நிலைக்கே போய்ச் சேர்ந்துதான் மூச்சு விட்டார். அதற்குள் நீலமேகம் கட்டையைக் கீழே போட்டுவிட்டு எந்தப் பக்கம் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. சடையாண்டி பாய்ந்து வந்து தன் கட்டையைச் செருகினான். தேர் முனகிக்கொண்டு நின்றது. பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கூத்தபிரானுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ராஜா சடையாண்டியைச் சபைக்கு அழைத்தார். "உனக்கு இது பிறவியிலேயே வந்ததா?"

"பொறக்கும்போது காலுல பத்து வெரலோட பொறந்தேன் மகாராஜா. இப்ப ஏழுதான் இருக்கு. போன மூணும் கத்துக் குடுத்துட்டுத்தான் போச்சு."

"அப்படியென்றால் யார் பழகினாலும் வந்துவிடுமா?"

"அதுவும் இல்லீங்க. என் தம்பியும் என்கூடத்தான் பழகினான். சக்கரம் முனகுற சத்தம் அவன் காதுல ஏறவே இல்ல. ஆனா வடம் முறுக்க உக்காந்தான்னா அவன மிஞ்ச ஆளில்ல. அது எனக்கு எத்தன வருஷமானாலும் வராது."

ராஜா அங்கேயே உத்தரவு போட்டார். சடையாண்டிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சிலம்பக் கூடத்தின் பூட்டும் திறந்தது. பிறகு அவர் பார்வை மூலையில் ஒடுங்கி நின்ற பண்டிதர் மேல் விழுந்தது.

"இவரை என்ன செய்யலாம் கூத்தபிரான்? நாடு கடத்தவா?"

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! பிறவித் திறமை உண்டு என்று இவர் சொன்னது பொய்யில்லை. அறுபது வயதில் அந்த ஓட்டம் எத்தனை பேருக்கு வரும்? பாவம், இத்தனை நாள் பழக்கமில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. அரண்மனை ஓலைகளைக் கொண்டு ஓடும் வேலையைக் கொடுங்கள். தினமும் ஓடினால் இன்னும் மெருகேறும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

பண்டிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "மகாராஜா, அடியேன் அன்று எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. இனி அப்படி ஓட வராது!"

"கவலையே படாதீர்கள் பண்டிதரே," என்றார் கூத்தபிரான். "ஓலையைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் தேரை உருட்டிவிடச் சொல்கிறேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கழுத்து முத்துமாலை அறுந்து கொட்டியது. பொறுக்கி எடுக்கக் குனிந்தவர்களிடம், "விடுங்கள், அத்தனையும் கூத்தபிரானுக்கு" என்றார்.