ஆமணக்கூரின் பழுப்பு வட்டம்

ஆமணக்கூரில் மூளை உள்ளவர்கள் மொத்தம் ஏழு பேர். அந்த ஏழு பேரும் கூடி எடுத்த கணக்கு அது.

அவர்களில் மூத்தவர் தலையாரி மாசிலாமணி. தாலுகாவை இரண்டாகப் பிரித்த வருடம், தாசில்தார் அவரிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்.

"இதுல என்ன கோடு இருக்கோ, அது தரையில இருக்கணும். ஒண்ணு விட்டுப்போனாலும் உமக்கு வேலை இல்ல. பத்து நாள்ல வருவேன்."

ஓய்வு பெற மாசிலாமணிக்கு இன்னும் பதினான்கு மாதமும் ஒன்பது நாளும் இருந்தன. ஆகவே படத்தை மூன்று முறை எண்ணினார். சிவப்புக் கோடு ஒன்று. பழுப்பு வட்டம் ஒன்று. ஆக இரண்டு.

சிவப்புக் கோட்டுக்குச் செங்கல் பொடி தூவினார்கள். நடுவே, ஏழு பேரில் ஒருவனான ஒச்சப்பனின் எருமை படுத்திருந்தது.

"சுத்திப் போவமா?" என்றான் ஒச்சப்பன்.

"படத்துல நேராத்தானப்பா போகுது" என்றார் மாசிலாமணி.

எருமை மேலேயே தூவினார்கள். சற்று நேரத்தில் அது எழுந்து மேயப் போனது. எல்லையில் நாலு முழம் பக்கத்துத் தாலுகாவுக்குள் போய்விட்டது. பிடித்துவந்து அதே இடத்தில் கட்டிப்போட்டார்கள்.

பழுப்பு வட்டம்தான் பாடாய்ப் படுத்தியது. அது சரியாக மாசிலாமணியின் வீட்டைச் சுற்றி விழுந்திருந்தது.

"பழுப்புன்னா என்னண்ணே?" என்று கேட்டான் ஏழு பேரில் இளையவனான தவசி.

"நம்ம கண்மாய்த் தண்ணி என்ன நெறம்?"

"பழுப்பு."

"அப்புறம் என்ன கேள்வி? அகழி."

ஏழு பேர், நாலு மண்வெட்டி, எட்டு நாள். இடுப்பளவு ஆழம். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குடம் தண்ணீர்.

"ஏங்க, நான் எப்படி வெளிய வர்றது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அவர் மனைவி குருவம்மா.

"படத்துல பாலம் இல்லையே."

"படத்துல சோறும் இல்லைதான்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் தாசில்தார் வந்தார். அகழியைப் பார்த்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். திரும்பவும் அகழியைப் பார்த்தார்.

"யோவ், இது நான் கிளாஸ் வெச்ச கறைய்யா. டீ. வெறும் டீ. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணல, உமக்கு வேலை இல்ல."

ஜீப் போனது. மாசிலாமணி அகழியை எட்டிப் பார்த்தார். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குடம். அத்தனையும் வெறும் தண்ணீர்.

உடனே ஏழு பேரும் அகழியை இறைத்தார்கள். கல்யாண அண்டாக்கள் பதினொன்றையும் அடுப்பில் ஏற்றினார்கள். பால் வந்தது. தூளைக் கொட்டினார்கள்.

"அண்ணே, சக்கரை எவ்வளவு?" என்றான் தவசி.

வேலை போகிற விஷயம். ஊகத்தில் செய்ய முடியாது. மாசிலாமணி வரைபடத்தை விரித்தார். வட்டத்தின் ஓரத்தை நாக்கால் ஒரு முறை தொட்டார். கண்ணை மூடினார். சந்தேகம் வரக்கூடாதென்று இன்னொரு முறை தொட்டார்.

"அரைச் சக்கரை."