ரதங்களின் பந்தி

மகாராஜா ஏகவீரன் பாயசம் என்று நினைத்து எலுமிச்சை ஊறுகாயை அள்ளி வாயில் போட்டுக்கொண்டதற்குக் காரணம் இருட்டு. கோட்டைத் தெரு டிரான்ஸ்பார்மரில் அன்றும் சாப்பாட்டு நேரத்தில் ஃபியூஸ் போய்விட்டது.

"எல்லாம் இந்த விகடகவி பிச்சாண்டியால் வந்த வினை" என்றார் தளவாய் வீரபாகு. "குதிரைகளை விற்று மின்சார ரதங்கள் வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் இவன்தானே? நாடு கடத்துங்கள்."

மகாராஜா ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"பிச்சாண்டி, நாளை எல்லா ரதமும் சார்ஜ் ஏற வேண்டும். ஒரு விளக்கும் அணையக்கூடாது. புது டிரான்ஸ்பார்மர் கேட்காதே, கஜானா காலி. முடியாவிட்டால் விடிந்ததும் எல்லையைத் தாண்டிவிடு."

பிச்சாண்டிக்கு இந்த அரண்மனையை விட்டால் போக்கிடமில்லை. மறுநாள் மாலை சபை கலைந்ததும் ரதக் கொட்டடிக்குப் போய் ஓரமாக நின்றான். ராஜரதத்துக்கு பிளக் சொருகியதும் சங்கு ஊதுவது வழக்கம். சத்தம் கேட்டதுமே அதிகாரிகள் அத்தனை பேரும் ஒன்றாகச் சொருகுவார்கள். பிந்தியவனுக்கு ராஜபக்தி குறைவு என்று பெயர் வந்துவிடுமே!

சங்கு முழங்கியது. தளவாய் பிளக்கோடு பாய்ந்தார்.

"தளவாய் அவர்களே!" பிச்சாண்டி போட்ட கூச்சலில் உப்பரிகையிலிருந்து மகாராஜாவே எட்டிப் பார்த்தார். "மகாராஜாவோடு சரிசமமாக முதல் பந்தியிலா உட்காருகிறீர்கள்?"

தளவாய் பிளக்கைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

"யார், நானா? ஒயர் எட்டுகிறதா என்று பார்த்தேனப்பா."

மற்றவர்கள் பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"ராஜரதம் வயிறு நிறைந்து எழட்டும்" என்றான் பிச்சாண்டி. " அப்புறம் தளவாய்க்கு இலை போடுவோம். அவர் எழுந்ததும் மந்திரிகள். பிறகு புலவர்கள்."

மேலே மகாராஜா நிற்கும்போது யார் மறுப்பது?

அன்று விளக்கு அணையவில்லை. மகாராஜா பாயசத்தைக் கண்ணால் பார்த்துச் சாப்பிட்டார். பிறகு பிச்சாண்டியைக் கூப்பிட்டார்.

"என்னடா மாயம் செய்தாய்?"

"மாயமில்லை மகாராஜா. மின்சாரம் பரிமாற இருப்பது ஒரே ஆள், அந்த டிரான்ஸ்பார்மர். இத்தனை நாளும் எல்லா ரதத்தையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தோம். அவன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போனான்."

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அவனுக்கும் ஒரு ரதம் பரிசளித்தார்.

"உன் ரதம் எந்தப் பந்தி?"

"கடைசிப் பந்தி, மகாராஜா."

தளவாய்க்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கடைசிப் பந்திக்கு ரசம்கூட மிஞ்சாதே, பிச்சாண்டி!"

"அது சோற்றுக்கு, தளவாய் அவர்களே. மின்சாரத்தில் ஊர் விளக்கணைத்துத் தூங்கின பிறகுதான் பாயசமே வரும்."