ஒரு தடவைகூட இடிக்காதவள்

தூத்துக்குடியில் பெண்களுக்கு ஆட்டோ ஓட்டப் பழக்கும் சகாயராணிக்கு வயது முப்பதுதான். சிஷ்யை முத்துப்பேச்சிக்கு நாற்பத்தாறு. லைசென்ஸ் கைக்கு வந்த சந்தோஷத்தில் பேங்குக்குப் போனவள், போன வேகத்திலேயே பயிற்சி மைதானத்துக்குத் திரும்பி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

“சொந்த ஆட்டோவுக்கு லோன் கிடையாதாம் டீச்சர். கடன் கட்டுன லட்சணத்துக்குப் போடுற மார்க்காமே, அந்த சிபில் ஸ்கோரே எனக்கு இல்லையாம்.”

“ஏன் இல்ல?”

“நான் யார்கிட்டயும் கடனே வாங்குனதில்லையே! வாங்குனவங்களுக்குக் குடுக்காங்க, வாங்காதவளுக்கு இல்லங்காங்க. இத்தன வருசம் மானமா இருந்ததுக்கு இதுதான் மரியாதையா?”

“ஆட்டோவுல ஏறுங்கக்கா. மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். அன்று காலையில்தான் வகுப்பில் சேர்ந்திருந்த ஜெசிந்தாவைச் சகாயராணி கூப்பிட்டாள்.

“நீ ஓட்டும்மா.”

ஜெசிந்தா, முட்ட வரும் மாட்டின் கொம்பைப் பிடிப்பதுபோல ஹேண்டிலைப் பிடித்தாள். முத்துப்பேச்சி கீழே குதித்தேவிட்டாள்.

“இவளா டீச்சர்? மெயின் ரோட்டுலயா?”

“ஏன்? நல்ல பிள்ளதான். இதுவரைக்கும் ஒரு தடவகூட யாரையும் இடிச்சதில்ல.”

“ஓட்டியிருந்தாத்தான இடிக்கிறதுக்கு!”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

வண்டிக் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

“அப்ப நான் என்ன செய்யணும்?”

“மொத நாள் உங்கள எங்க ஓட்ட விட்டேன்?”

“இந்த மைதானத்துக்குள்ள. ஆள் நடக்கிற வேகத்துல.”

“அப்படியே ஆரம்பிங்க.”

முத்துப்பேச்சி ரோஷக்காரி. அந்த வாரமே கடையில் ஒரு கிரைண்டரை ஃபைனான்ஸ் கம்பெனித் தவணைக்கு எடுத்தாள். தின வாடகைக்கு ஆட்டோ ஓட்டி, மாதாமாதம் தேதி வருவதற்கு முன்பே கட்டினாள். கட்டிய கையோடு டீச்சரிடம் வந்து பெருமையடித்துவிட்டுப் போவாள். சொந்த ஆட்டோவின் முதுகில் யார் பெயரை எழுதுவது என்பதுகூட முடிவாகிவிட்டது. மகள் பெயர்தான்.

கிரைண்டர் கடன் முடியப்போகிற நேரத்தில் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“நாத்தனார் மகளுக்குச் சடங்கு டீச்சர். தாய்மாமன் வீட்டுச் சீர் நாங்கதான் செய்யணும். ஒரு மோதிரமாவது போடலன்னா சொந்தக்காரங்க மூஞ்சியில முழிக்க முடியாது. இந்த ஒரு தவணைய மட்டும் தள்ளிப்போட்டா என்ன? இத்தன மாசமும் ஒழுங்காத்தான கட்டுனேன்?”

சகாயராணி வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

“ரோட்டுல இடிச்சவன் எவனா இருந்தாலும், இடிக்கிறதுக்கு முந்தின நிமிசம் வரைக்கும் ஒழுங்காத்தான்க்கா ஓட்டிட்டு வந்தான்.”

முத்துப்பேச்சி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மோதிரப் பணத்தை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். தவணை கட்டும் கிரைண்டர் கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று வாடகை ஆட்டோவைக் கிளப்பினாள்.