நாச்சியார் பெட்டியின் எழுத்துப் பூட்டு

முன்னொரு காலத்திலே செம்பியூர்ச் சீமையை மாறவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அள்ளிக் கொடுக்கிற கைதான். ஆனால் யாரையும் நம்பமாட்டார். ஊர் அம்மன் நாச்சியாரின் கிரீடத்தைக் காத்துவந்த ஆவுடையப்பன்மேலும் சந்தேகம். அதனால் கிரீடப் பெட்டிக்குத் தாமே எழுத்துப் பூட்டுப் போட்டார். அதற்குச் சாவி கிடையாது. எழுத்து பொறித்த வளையங்களைச் சுற்றி, வைத்த சொல்லை அமைத்தால்தான் திறக்கும்.

"அம்மனை நினைத்து உருகி ஒரு சொல் வைத்திருக்கிறேன். உயிர் போனாலும் சொல்லமாட்டேன்!" என்று சபையில் பெருமை வேறு.

தேர்த் திருநாள் வந்தது. கிரீடம் சூட்டாமல் தேர் நகராது. ராஜா வளையங்களைச் சுற்றினார். 'நாச்சியார்' என்று வைத்தார், திறக்கவில்லை. அம்மனின் மற்றப் பேர்களையும் வைத்துப் பார்த்தார். ம்ஹூம். நெற்றியில் வேர்வை. மறந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

தளவாய் கோட்டீசுவரன் துள்ளி எழுந்தார். "மகாராஜாவாவது, மறப்பதாவது! இந்த ஆவுடையப்பன்தான் பூட்டைக் கெடுத்திருக்கிறான். நாலு சவுக்கடி போட்டால் கக்கிவிடுவான்!"

ஆவுடையப்பன் கையைக் கட்டினார்கள். "அதை நான் தொட்டதுகூட இல்லீங்க, மகாராஜா" என்று அழுதார். ராஜா தம் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மந்திரி சோமாசியார் முன்னே வந்தார். "அடிக்கு முன்னால் நான் ஒருதரம் பார்க்கட்டுமா?"

"சொல் தெரியாமல் எப்படி ஐயா திறப்பீர்? மந்திரமோ?" என்றார் தளவாய்.

"பொறுமை, தளவாயாரே. சவுக்கை மாதிரி சத்தம் போடாது."

பூட்டின் கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையங்களை மெல்லச் சுற்றினார். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அதை நகர்த்த நகர்த்த, ஓர் எழுத்தில் கொக்கி துளி இளகியது. அடுத்து இன்னொன்று முரண்டியது, அதையும் அப்படியே. கடைசியில் 'கிளுக்'. உடனே பூட்டை அங்கவஸ்திரத்தால் மூடி, வளையங்களில் நின்ற சொல்லை ராஜாவுக்கு மட்டும் காட்டினார்.

ராஜாவின் காது சிவந்தது. பூட்டுப் போட்ட அன்று சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. மடைப்பள்ளியிலிருந்து வந்த வாசனை!

"பூட்டில் பழுதில்லை. இவரை விடலாம்" என்றார் மந்திரி.

"அப்படியானால் உமக்குச் சொல் தெரிந்திருக்கிறது! இரண்டு பேரும் கூட்டு!" என்று கத்தினார் தளவாய்.

மந்திரி துணியை எடுக்கவில்லை. இப்போதும் ராஜா பேசாமல் இருந்தால் அவர் மானம் தப்பிவிடும்.

ராஜாவே துணியை விலக்கினார். "படியும் தளவாய், உரக்க."

"அ... அப்பளம்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பசியில் நான் வைத்த சொல். மறந்ததும் நான்தான். வெட்கத்தில் ஒரு நல்ல மனுஷனைக் கட்டவிட்டேன்" என்றார் ராஜா. தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "தளவாய், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தேருக்கு முன்னால் நடவும். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லைச் சொல்லும். பக்கத்தில் நானும் வருகிறேன்."

பிறகு ஆவுடையப்பன் கைக்கட்டைத் தாமே அவிழ்த்தார். "மன்னிச்சிடப்பா."

ஆவுடையப்பன் கயிற்றுத் தடம் பதிந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். கிரீடத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நேரமாகுதுங்க, மகாராஜா. அம்மா காத்திருக்கா."

ராஜா தலை குனிந்தபடி அவர் பின்னாலேயே நடந்தார்.