வெள்ளத்தாயின் மூன்று நாள்

கேட்ட நேரத்துக்கு மழை பெய்த காலமாம் அது. ஆற்றோரத்து மருதமரத்தடியில் உலகம்மை என்றொரு ஞானி குடிசை போட்டிருந்தாளாம்.

அவளிடம் பாடம் கேட்க வருகிறவள் வெள்ளத்தாய். குருவைவிடப் பத்து வயது மூத்தவள். அதனால் குரு அவளை அக்கா என்பாள். அவள் குருவை அம்மை என்பாள்.

ஒருநாள் வெள்ளத்தாய் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"அம்மை, எனக்கு அந்த மூணு நாள் திரும்பக் கிடைக்குமா?"

"எந்த மூணு நாளு அக்கா?"

"மாசாமாசம் வீட்டுக்கு விலக்கா உட்கார்ந்திருப்பேனே, அது."

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நின்னுபோச்சுன்னு ஊரே கொண்டாடுச்சே?"

"கொண்டாடாம என்ன? இனி இவ எப்பவும் சுத்தம்னு பொங்கப் பானைய என் தலையில கட்டிட்டாங்க. கோயில் பொங்கலுக்கும் வெள்ளத்தாயி, யாரு வீட்டு நேர்த்திக்கடனுக்கும் வெள்ளத்தாயி. மத்தவளுக்குத் தடை வந்துரும், எனக்கு வராதில்ல. உடம்பு நினைச்ச நேரம் அடுப்பாக் காயுது அம்மை. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. அந்தச் சூட்டோட இன்னொரு அடுப்பு முன்னால போய் நிக்கிறேன்."

"ஊர்க்கோடிக் குடிசையில அந்த மூணு நாளும் சொகமா இருந்தீங்களோ?"

"சொகமா! மழைக்கு ஒழுகும். சோத்த எட்ட நின்னு தள்ளிவிடுவாங்க. எவ்வளவு அழுதிருக்கேன்."

வெள்ளத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா யாரும் கூப்பிட மாட்டாங்க. என் கூட்டாளி மாடத்தியும் நானும் ஒரே சமயத்துல விலக்காவோம். காலை நீட்டிக்கிட்டு எதையாச்சும் பேசிச் சிரிச்சுக் கிடப்போம். அவளுக்கும் இப்ப நின்னுபோச்சு. அடுத்த தெருவுலதான் இருக்கா. உட்கார்ந்து பேசி வருஷமாச்சு."

"ம்."

"போன வாரம் அந்தக் குடிசைக்கே போயிட்டேன். உள்ள இருந்த குமரிப்பிள்ளைங்க, 'உங்களுக்குத்தான் விடுதலை ஆயிருச்சே, இங்க என்ன வேலை சித்தி?'ன்னு சிரிச்சாங்க. வாசலோட திரும்பிட்டேன்."

உலகம்மை கீரையைக் கீழே வைத்தாள்.

"அப்பல்லாம், நீங்க வேலைக்கு வரலைன்னு வீட்டுல யாரு சொல்லுவா?"

"யாரு சொல்லணும்? குடிசையில இருந்தா அவங்களுக்கே தெரியும்."

அதற்குள் கரைமேல் சத்தம். வெள்ளத்தாயின் புருஷன் இசக்கி, தோளில் புதுப்பானையோடு இறங்கி வந்தான்.

"ஏ புள்ள! மேலத்தெருக்காரங்க காத்துக் கிடக்காங்க. அடுப்பு மூட்டியாச்சு. எந்திரி."

வெள்ளத்தாய் பாதி எழுந்துவிட்டாள். எழுந்தவள் குருவைத் திரும்பிப் பார்த்தாள். எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றது அந்தப் பார்வை.

உலகம்மை பக்கத்திலிருந்த செம்பை எடுத்தாள். வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை. இரண்டு கன்னமும் உப்பியிருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

உட்கார்ந்தாள்.

"நான் வரல."

"வரலையா? ஏன், காய்ச்சலா?"

"இல்ல."

"அது மறுபடியும் வந்திருச்சா?"

"இல்ல."

"பின்ன என்னதான் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நான் வரல."

இசக்கி குருவைப் பார்த்தான். வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவளிடம் என்னத்தைக் கேட்பது?

"பொங்கல யாரு வைக்கிறதாம்?"

"பானை உங்க தோள்லதான இருக்கு."

அவன் பானையைத் தோள் மாற்றிக்கொண்டான். முனகிக்கொண்டே கரையேறிப் போனான்.

உலகம்மை தண்ணீரை விழுங்கினாள். கீரையை எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டாள்.

வெள்ளத்தாய் சேலையைத் தட்டிவிட்டு எழுந்தாள். மாடத்தியின் தெருவைப் பார்த்து நடந்தாளாம்.