மண் பூசிய வாசல்

ஆற்றங்கரை மருதமரப் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் வாழ்ந்தது. அங்கே புழுப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது செவ்வந்தி என்ற தேனீயின் வேலை.

ஒருநாள் சில அறைகளின் மெழுகு மூடி உள்வாங்கி ஓட்டை விழுந்திருந்தது. செவ்வந்தி ஒன்றில் காலை விட்டு இழுத்தாள். பிள்ளை இருந்த இடத்தில் பழுப்புப் பசை. அது நூலாக நீண்டு வந்தது. அழுகல் நாற்றம் வீசியது.

ராணி வந்து பார்த்தாள்.

"நூல் வருகிறதே! இந்த நோய்க் கிருமி மெழுகிலும் தேனிலும் பல வருஷம் கிடக்கும். எல்லோரும் கிளம்புங்கள்!"

"தேன், அம்மா?"

"வயிற்றில் இருப்பது போதும். அதிலும் கிருமி இருக்கும்; புதுத் தேனடை கட்டி அதைத் தீர்த்த பிறகுதான் முட்டையிடுவேன்."

"நன்றாக இருக்கிற பிள்ளைகள்?"

ராணி அந்த அறைகளைப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

எல்லோரும் வெளியேறியதும், வேறு யாரும் நுழையாதபடி வாசலை மண் பூசி அடைக்க மண்குளவி வந்தாள்.

"குளவியக்கா, ஒரு சின்ன ஓட்டை விடேன். எட்டிப் பார்க்கத்தான்!" என்று கெஞ்சினாள் செவ்வந்தி.

"பார்க்க வருகிறவள் பசித்தால் நக்க மாட்டாளா? தள்ளடி, மண் காய்கிறது!"

புங்கமரத்துக்குக் குடிபோனார்கள். மழை பிடித்துக்கொண்டது. பூ இல்லை, பசி. மழை விட்டபோதெல்லாம் செவ்வந்தி மருதமரத்துக்குப் பறந்தாள். வாசலை அடைத்த மண்ணில் நெற்றியை வைத்து, உள்ளே சத்தம் ஏதும் கேட்கிறதா என்று காத்திருந்தாள்.

பக்கத்து அத்திமரத்தில் வாழ்ந்த வேறு கூட்டத் தேனீக்கள் அங்கே வந்து சிரித்தார்கள்.

"அடி பைத்தியமே! வீடு நிறையத் தேன் வைத்துக்கொண்டு பட்டினியா?"

"தொடாதீர்கள், நோய்!"

"எல்லாம் தனக்கே வேண்டுமாம்!"

ஈர மண்ணைக் கடித்துப் பெயர்த்து, உள்ளே புகுந்து தேனை அள்ளினார்கள். ஒருத்தி ஒரு சொட்டை நீட்டினாள்.

"குடி! உன் வீட்டுத் தேன்தானே!"

செவ்வந்தியின் நாக்கு நீண்டது. அந்த வாசனைக்குள் அவள் வீடே இருந்தது. ஆனால் ராணி முட்டையிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. இன்று முட்டை பொரியும். முதல் வாய் இவள் ஊட்ட வேண்டும்; இந்தத் தேன் பட்ட வாயால் ஊட்டினால் நோய் பிள்ளைகளுக்கும் போகும். நாக்கை இழுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு திரும்பினாள்.

குளவி மறுபடி வாசலை அடைத்தாள். ஒரு மாதத்தில் அத்திமரத்துக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

"எங்கள் அறையிலும் நூல் வருகிறது. வாசலை அடைக்க வருவாயா?"

புங்கமரம் பூத்தது. புதுப் பிள்ளைகள் மூடியைக் கடித்து வெளியே வந்தார்கள். செவ்வந்தி இன்னும் மருதமரத்து வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். ஒரு சுற்று சுற்றுவாள், இறங்க மாட்டாள்.

பிள்ளைகளைக் கொன்ற வீட்டை, எவ்வளவு தேன் இருந்தாலும், எவ்வளவு ஆசை இருந்தாலும், மறுபடி தொடக் கூடாது.