முப்பத்தொன்றுக்கு அடுத்தவர்

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தெட்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கணினியின் அடிவயிற்றில் உட்கார்ந்து மற்ற எல்லா நிரல்களுக்கும் இடம் பிரித்துக் கொடுக்கிற கெர்னல் என்ற நிரலுக்கு நரைத்த தலைமேல் தனி மரியாதை கிடையாது.

சீடர் பெயர் ஆவுடையப்பன். அனல்மின் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கெர்னல் எழுதக் கற்க மரியபுஷ்பத்திடம் வந்தவர். அவளை டீச்சர் என்று கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இருவரும் நாகர்கோவில் பக்கம் போகும் ரயிலில் இருந்தார்கள். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில், அவர்கள் எழுதிய கெர்னலோடு எட்டு டயாலிசிஸ் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தன என்று சொல்வது கொஞ்சம் தாராளம். ஒரே மாதத்தில் இரண்டு முறை நின்றுபோயின.

இரண்டாம் முறை நின்றது சனிக்கிழமை. அப்போது நின்ற இயந்திரத்தின் கட்டிலில் படுத்திருந்தது ஆவுடையப்பனின் தங்கை பகவதி. பம்ப் நின்றதும் நர்ஸ் ஓடிவந்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, குழாயில் நின்ற ரத்தத்தை அவள் உடம்புக்குத் திருப்பி அனுப்பினார்.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "செவ்வாய் ரெண்டு மணிக்குள்ள சரியாகலன்னா எட்டையும் கழட்டி அனுப்பிருவேன்" என்றார். அப்புறம் பகவதியும் மற்ற முப்பது பேரும் வாரம் மூன்று நாள் எழுபது கிலோமீட்டர் போய் வரவேண்டும்.

"அதுக்கு நான் செத்தே போயிருவேன் அண்ணே" என்று பகவதி சாதாரணமாகச் சொன்னாள். காய்கறி விலை ஏறிவிட்டது என்று சொல்வதுபோல.

நின்றுபோனதற்குக் காரணம் கெர்னலுக்குள் ஆவுடையப்பன் எழுதிய ஒரு பகுதி. அதை அவர்கள் 'நடை' என்பார்கள். கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் துண்டு துண்டாக இடம் உண்டு. தேவைப்பட்டால் கெர்னல் ஒரு துண்டை இரண்டாக வெட்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரே மாதிரி ஆகிவிட்டால் சேர்த்து ஒன்றாக்கும். ஆவுடையப்பனின் நடை வரிசையாக ஒவ்வொரு துண்டாகப் போய், தேவையான இடத்தில் 'இங்கே எழுதாதே' என்று முத்திரை போட்டு வரவேண்டும். எங்கோ ஓரிடத்தில் அந்த நடை கால் இடறி விழுந்தது. எங்கே என்று தெரியவில்லை. அவர் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

வெளியூர் போயிருந்த மரியபுஷ்பம் அன்று காலைதான் அந்த நடையைப் படித்தாள். பத்து நிமிடம் படித்தாள். மடிக்கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு விதமா எழுதிப் பார்த்துட்டேன் டீச்சர்."

"சொல்லுங்க."

"மொதல்ல எல்லாத்தையும் பூட்டிட்டு நடந்தேன். நான் முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாதுன்னு."

"என்னாச்சு?"

"திரை உறைஞ்சு போச்சு. அலாரம் அடிச்சு வார்டே எந்திரிச்சு உக்காந்துட்டு."

"அப்புறம்?"

"முன்கூட்டியே பட்டியல் எடுத்து வச்சுக்கிட்டு நடந்தேன். பாதி நடக்கதுக்குள்ள பட்டியல் பழசாயிட்டு."

"அப்புறம்?"

"ஒரு துண்டுல கை வைக்கதுக்கு முன்னாடியே அடுத்தது எதுன்னு பிடிச்சு வச்சுக்கிட்டேன். கையில இருக்கது அழிஞ்சு போனாலும் அடுத்தது நம்மகிட்ட இருக்கும்லா. இதுக்கு மேல என்ன ஜாக்கிரதை வேணும்? அதுவும் விழுது. நடக்கும்போதே மாறிக்கிட்டு இருக்க ஒண்ணை, விடாம, விழாம, எப்படி டீச்சர் நடந்து முடிக்கது?"

மரியபுஷ்பம் பையிலிருந்து ஒரு கட்டு நோட்டீஸை எடுத்தாள். மருத்துவமனை அனுப்பியது, இலவச சிறுநீரகப் பரிசோதனை முகாம்.

"இந்தப் பெட்டியில நூத்தியெட்டு இருக்கை. எல்லாத்துலயும் ஆள் இருக்கு. நூத்தியெட்டு நோட்டீஸ் எண்ணி வச்சிருக்கேன், நமக்கும் சேத்து. ஒண்ணாம் நம்பர்ல இருந்து குடுத்துட்டு வாங்க. ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது. ஒருத்தருக்கு ரெண்டு கூடாது. யாரையும் அசையாதீங்கன்னு சொல்லக் கூடாது."

தங்கைக்கு உயிர் ஊசலாடுகிறது, இவள் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறாள். எனக்கே கோபம் வந்திருக்கும். ஆவுடையப்பனுக்கும் வந்தது. ஆனால் கட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

நடையில் அவர் கெட்டிக்காரர். ஒருவரிடம் நோட்டீஸை நீட்டும் முன்பே அடுத்தவர் யார் என்று கண்ணால் குறித்துக்கொண்டார். மஞ்சள் துண்டு. அடுத்து மூக்குக்கண்ணாடி. அடுத்து காதில் ஒயர் மாட்டிய கல்லூரிப் பெண். வேலை மளமளவென்று நடந்தது.

முப்பத்தொன்றாம் இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். அடுத்தவர் நீலச்சட்டை. குறித்துக்கொண்டு, அவளிடம் நோட்டீஸைக் கொடுத்தார்.

அவள் படித்தாள். உடனே எட்டிப் பார்த்து, "ஏங்க, இங்க வாங்க, இதப் பாருங்க. உங்க அப்பாவக் கூட்டிட்டுப் போலாம்" என்று சத்தம் கொடுத்தாள். ஐம்பத்தெட்டில் இருந்த அவள் புருஷன் எழுந்து வந்தான். நீலச்சட்டைக்காரர் நல்ல மனிதர். "நீங்க இங்க இருங்க தம்பி, நான் அங்க போறேன்" என்று இடத்தை மாற்றிக்கொண்டார்.

ஆவுடையப்பன் நீலச்சட்டையை விடவில்லை. பின்னாலேயே போய் ஐம்பத்தெட்டில் அவர் உட்கார்ந்ததும் நோட்டீஸைக் கொடுத்தார். அப்புறம் ஐம்பத்தொன்பது, அறுபது என்று நூற்றெட்டு வரை முடித்துவிட்டு நிமிர்ந்த நெஞ்சோடு திரும்பி வந்தார்.

"முடிஞ்சுது டீச்சர்."

"கையில என்ன?"

கையில் இருபத்தாறு நோட்டீஸ் மிச்சம் இருந்தது.

"நீங்க கூடுதலா எண்ணிட்டீங்க போல."

நடுப்பெட்டியிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "ஏ தம்பி, முன்னால குடுத்தீரு, பின்னால குடுத்தீரு. எங்க கிட்னி மட்டும் என்ன இளப்பமா?"

பெட்டியே சிரித்தது. ஆவுடையப்பன் காது மடல்வரை சிவந்துபோனார்.

"எங்க விட்டீங்க?" என்றாள் மரியபுஷ்பம்.

"அந்தக் கைக்குழந்தைக்காரி வரைக்கும் சரியா குடுத்தேன்."

"அவ எங்க?"

அவள் இப்போது கதவுப்பக்கம் நின்று குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு அடுத்தவர்?"

நீலச்சட்டை ஐம்பத்தெட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் இரண்டு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

"ஆளை விடுங்க அண்ணாச்சி. எந்த நம்பர் வரைக்கும் முடிச்சீங்க?"

"முப்பத்தொண்ணு."

அவர் முப்பத்திரண்டைப் பார்த்துப் போனார்.

முப்பத்திரண்டில் புருஷன்காரன் மனைவியின் நோட்டீஸை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். கையில் இருக்கிறதே என்று தாண்டிப் போனார். முப்பத்து மூன்று. கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகே தலையைத் தூக்கி முப்பத்து நான்கில் யார் என்று பார்த்தார். சற்று முன் அங்கே இருந்த பையன் இல்லை, ஒரு போலீஸ்காரர் இருந்தார். பரவாயில்லை, அவருக்கும் சிறுநீரகம் உண்டு. அப்படியே போய், கிண்டலடித்த பெரியவருக்கும் கொடுத்து, ஐம்பத்தேழை முடித்தார். ஐம்பத்தெட்டில் நீலச்சட்டையின் நெஞ்சில் நோட்டீஸ் ஏறி இறங்கியது.

அங்கேயே நின்றுவிட்டார். யாரோ "வழி விடுங்க சார்" என்றார்கள். அது அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு நோட்டீஸ், அந்தப் புருஷன்காரனுடைய பங்கு, இருந்தது.

"டீச்சர், நான் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்ததாலதானே நீலச்சட்டை எந்திரிச்சாரு?"

"ஆமா."

"வேற யாரும் வந்து கலைக்கல."

"இல்ல."

"நான் முத்திரை போட்டதும் இந்தத் துண்டும் பக்கத்துத் துண்டும் ஒண்ணு போல ஆயிருது. கெர்னல் ரெண்டையும் சேத்துருது. நான் பிடிச்சு வச்சிருந்த அடுத்தது அப்பவே இல்லாமப் போயிருது."

மரியபுஷ்பம் மடிக்கணினியை அவர் மடிக்கு மாற்றினாள். ஜன்னலோரத்தையும் விட்டுக்கொடுத்தாள்.

நான்கு வரிதான் மாறியது. அடுத்த துண்டை முன்னதாகப் பிடித்து வைக்கும் வரியை அழித்தார். வேலை முடிந்த துண்டின் நினைவக முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு, 'இதற்கு மேல் இப்போது யார் இருக்கிறார்கள்' என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டார். முத்திரை ஏற்கெனவே இருந்தால் தாண்டினார். பிறகு வேண்டுமென்றே பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒன்று சேரவைத்துச் சோதித்தார். பழைய நடை இரண்டாவது அடியிலேயே விழுந்து செத்தது. புதியது கடைசிவரை போய்த் திரும்பியது. நூறு முறை ஓட்டினார். நூறு முறையும் திரும்பியது.

பத்தரை மணிக்கு மருத்துவமனையில் இருந்தார்கள். எட்டு இயந்திரங்களையும் மூன்று மணி நேரம் வெறும் தண்ணீரில் ஓட்டிக் காட்டினார்கள். டாக்டர் கைகட்டி நின்று பார்த்தார். இரண்டு மணிக்குத் தலையசைத்தார்.

பகவதி படுத்தாள். ஆவுடையப்பன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, திரையைப் பார்த்தபடியே இருந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று மணி ஆனது. நான்கு ஆனது. ஐந்து ஆனது. மணிக்கு ஒரு முறை அவருடைய நடை எல்லாத் துண்டுகளுக்கும் போய்த் திரும்பியது. திரையில் ஒரு சிறு நடுக்கம்கூட இல்லை. ஆறு மணிக்கு இயந்திரம் வேலை முடிந்ததாக மெல்ல ஒலித்தது. ரத்தம் முழுவதும், தானாகவே, அவள் உடம்புக்குத் திரும்பியிருந்தது.

ஆவுடையப்பன் அழுதார். ஐம்பத்து நான்கு வயது மனிதர், நாலு பேர் பார்க்க, விக்கி விக்கி அழுதார்.

"என்ன சார், ஊசி அவங்களுக்குத்தானே குத்தினோம்" என்றார் நர்ஸ்.

டாக்டர் கதவோரம் வந்து, "மெஷின் எல்லாம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று வார்த்தையில் ஆவுடையப்பனின் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் குருவின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், வியாழக்கிழமையும் இப்படியே ஓடிருமா? அதுக்கு அடுத்த சனிக்கிழமை?"

மரியபுஷ்பம் கட்டிலைப் பார்த்தாள். பகவதி கால்களைத் தொங்கப்போட்டு, தரையைத் துழாவி, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை வரட்டும், அதுகிட்டயே கேப்போம். இப்ப உங்க தங்கச்சி எந்திரிக்காங்க அண்ணாச்சி, கையைக் குடுங்க."